விரல் விட்டு எண்ணிக் கேளுங்கள்: ஜெனிசிஸின் ‘செகண்ட்ஸ் அவுட்’டுக்குள் நுழைய ஒரு வழி

புரோகிரசிவ் ராக், அதாவது நீண்ட பாடல்களும் மாறிக்கொண்டே இருக்கும் தாளங்களும் கொண்ட ராக் இசை, கேட்டுப் பார்க்க வேண்டும் என்று யாராவது ஆசையோடு வந்தால், அவர் கையில் நாலைந்து ஸ்டூடியோ இசைத்தட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது எங்களைப் போன்ற ரசிகர்களின் பழக்கம். பத்து நாள் கழித்து விசாரித்தால், “கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது” என்பார். அந்தத் ‘தான்’ வந்துவிட்டால் அவர் திரும்பக் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம்.

ஆகவே நான் இப்போதெல்லாம் பட்டியல் கொடுப்பதில்லை. ஒரே ஒரு இசைத்தட்டு, அதுவும் மேடையில் பதிவானது: ஜெனிசிஸ் குழுவின் ‘செகண்ட்ஸ் அவுட்’. 1977 அக்டோபரில் இரண்டு தட்டுகளாக வெளிவந்தது. மொத்தம் 12 பாடல்கள், சுமார் 95 நிமிடம். ஸ்டூடியோ பதிவில் இந்த இசை கொஞ்சம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி இருக்கும். மேடையில் அதே இசைக்கு எடை கூடிவிடுகிறது. முக்கியமாக டிரம்ஸ். புதிதாக வருபவருக்குப் பிடிமானம் அங்கேதான் கிடைக்கும்.

யார் இவர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இசைத்தட்டில் ஒலிக்கும் ஒரு விநோதத்துக்கு அது விளக்கம். இங்கிலாந்தின் சார்ட்டர்ஹவுஸ் என்ற பள்ளியில் படித்த பையன்கள் 1967இல் தொடங்கிய குழு ஜெனிசிஸ். அவர்களில் டோனி பேங்க்ஸ் கீபோர்டு, மைக் ரதர்ஃபோர்ட் பாஸும் 12 தந்தி கிட்டாரும், பீட்டர் கேப்ரியல் பாட்டு. 1970இல் டிரம்ஸ் வாசிக்க ஃபில் காலின்ஸ் வந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கிட்டாருக்கு ஸ்டீவ் ஹாக்கெட். முகமூடியும் வேடமுமாக மேடையை ஆண்ட கேப்ரியல் 1975இல் விலகினார். ஊரெல்லாம் பாடகர் தேடிவிட்டு, கடைசியில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலின்ஸே பாடகர் ஆனார். ஆம், 80களில் தனியாகப் பாடி உலகப் புகழ் பெற்ற அதே காலின்ஸ்தான்.

பாடகர் முன்னால் வந்துவிட்டால் பின்னால் டிரம்ஸுக்கு யார்? 1976 பயணத்தில் யெஸ், கிங் கிரிம்சன் குழுக்களில் வாசித்த பில் புரூஃபோர்ட் உட்கார்ந்தார். 1977இல் அமெரிக்கரான செஸ்டர் தாம்ப்சன். ஆனால் காலின்ஸுக்குக் கை சும்மா இருக்குமா? பாட்டு இல்லாத நீண்ட வாத்தியப் பகுதிகளில் ஓடிப்போய் இரண்டாவது டிரம்ஸில் உட்கார்ந்துவிடுவார். ஆகவே இந்தப் பதிவின் சிறந்த இடங்களில் ஒன்றல்ல, இரண்டு டிரம்ஸ் ஒலிக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வரும்.

முதலில் கருவியைச் சரி செய்யுங்கள்

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்காதீர்கள். ரதர்ஃபோர்ட் காலால் மிதித்து வாசிக்கும் மூக் டாரஸ் என்ற பாஸ் பெடல் இந்தக் குழுவின் மேடை ஒலிக்கு அடித்தளம். கட்டடத்தின் தரையே முனகுவது போன்ற ஒலி. சிறிய ஒலிபெருக்கியில் அது இருப்பதே தெரியாது. நடுத்தரமான ஹெட்போன் போதும், ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவதாக, பாடல்களை வரிசை கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். பாடலுக்கும் பாடலுக்கும் இடையே மௌனம் விழாமல் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இந்த இசைத்தட்டில் சில பாடல்கள் மூச்சு விடாமல் அடுத்த பாடலுக்குள் போய் விழுகின்றன. நடுவே அரை விநாடி வெட்டு விழுந்தாலும் படியில் கால் தவறியது போல இருக்கும்.

நான் முதன்முதலில் இதைக் கேட்டது திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்த இரவுப் பஸ்ஸில், ஒரு காது மட்டும் வேலை செய்த இயர்போனில். விழுப்புரத்துக்கு முன்பே தூங்கிவிட்டேன். அதன் பிறகு நான்கு வருடம் தொடவில்லை. குற்றம் இசையுடையதல்ல.

எளிய பாடலில் தொடங்குங்கள்

தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் கேட்பது கடைசிப் படி. முதல் நாள் ‘ஆஃப்டர்க்ளோ’ மட்டும் போதும். முதல் தட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாடல், நாலரை நிமிடம். நான்கு நான்காக எண்ணினால் நேராகப் போகும், எந்தச் சிக்கலும் இல்லை. ஒரு மெட்டு, அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போகிறது.

மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பாட்டு. இரண்டாம் முறை பின்னணியில் பாடகர் கூட்டம் போல விரியும் கீபோர்டு. மூன்றாம் முறை பாட்டு ஓய்ந்த பிறகு வரும் டிரம்ஸ் மட்டும். அங்கே உருண்டு வரும் ஓர் அடி இருக்கிறது. அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் 1974ஆம் ஆண்டு மேடைப் பதிவு ஒன்றில் செஸ்டர் தாம்ப்சனும் இன்னொரு டிரம்ஸ் கலைஞரும் சேர்ந்து வாசித்த அடி அது. அதைக் கேட்டு மயங்கித்தான் காலின்ஸ் தாம்ப்சனைக் குழுவுக்கு அழைத்தார். அழைத்ததோடு நிற்காமல், அந்த அடியையே இந்தப் பாடலின் முடிவில் இருவருமாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஒருவரைப் பிடித்துப்போய் வேலைக்கு வைத்து, அவருடைய கைச்சரக்கையே முதல் நாள் வாசிக்கச் சொன்ன கதை!

இரண்டாம் நாள் ‘ஸ்குவாங்க்’. இசைத்தட்டு திறப்பதே இந்தப் பாடலில்தான். ஸ்குவாங்க் என்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா காடுகளைப் பற்றிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் பிராணி. தன் அவலட்சணத்தை நினைத்து ஓயாமல் அழும். பிடித்துச் சாக்கில் போட்டால் அழுதழுதே கரைந்து கண்ணீராகிவிடும். கதை அவ்வளவுதான். நீங்கள் கவனிக்க வேண்டியது டிரம்ஸின் நிதானம். யானை நடை. தொடக்கத்தில் வரும் மெட்டை மட்டும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஏழு எண்ணுவது

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். புரோகிரசிவ் ராக்கில் ‘கஷ்டமான தாளம்’ வரும் என்று சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். எட்டு எண்ணிப் பழகிய மேற்கத்திய ராக் ரசிகருக்கு ஏழு எண்ணுவது தடுமாற்றமாக இருக்கலாம். கச்சேரியில் முன்வரிசைத் தாத்தாவின் தொடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது மிஸ்ர சாபு. தகிட தகதிமி. நான் மிருதங்கம் இரண்டு வருடம் கற்றுவிட்டு நிறுத்தியவன். வாத்தியாரிடம் வாங்கிய திட்டுகளுக்குப் பலன் கிடைத்தது இந்த இடத்தில்தான்.

‘சினிமா ஷோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தட்டில் இருக்கிறது, ஏறக்குறைய 11 நிமிடம். இது மட்டும் 1976ஆம் ஆண்டு பாரிஸ் நிகழ்ச்சியில் பதிவானது. மற்றவை 1977 ஜூனில், அதே நகரத்தின் பாலே தே ஸ்போர் அரங்கில். ஆகவே இந்தப் பாடலில் தாம்ப்சனுக்குப் பதில் புரூஃபோர்டைக் கேட்கிறீர்கள். முதல் பாதி மெல்லிய 12 தந்தி கிட்டாரும் பாட்டும். மாலையில் சினிமாவுக்குப் போகத் தயாராகும் ஒரு ரோமியோ, ஒரு ஜூலியட். நடுவே ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்ந்து பார்த்த கிரேக்கப் புராணத்து டைரீசியஸ். இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாதியைத் தாண்டியதும் பாட்டு நின்றுவிடும். பேங்க்ஸின் கீபோர்டு தனியே ஓடத் தொடங்கும். இங்கிருந்து எல்லாமே ஏழு. எண்ணும் முறை இது:

முதலில் கீபோர்டை மறந்துவிட்டு, அடியில் திரும்பத் திரும்ப வரும் கிட்டாரின் சுற்றைப் பிடியுங்கள். அது எங்கே புதிதாகத் தொடங்குகிறது என்று தெரிந்ததும் அந்த இடத்தில் மட்டும் தொடையில் ஒரு தட்டு. நடுவில் ஒன்றும் செய்யாதீர்கள். பத்துப் பன்னிரண்டு சுற்று இப்படிப் போகட்டும். பிறகு இடைவெளியை நிரப்புங்கள். ‘தகிட தகதிமி’ என்று மூன்றும் நான்குமாகச் சொல்லிப் பார்த்து ஒட்டவில்லை என்றால் திருப்பி ‘தகதிமி தகிட’ என்று நான்கும் மூன்றுமாகச் சொல்லிப் பாருங்கள். வேகம் அதிகம், வாயால் சொன்னால் மூச்சு முட்டும், மனதுக்குள் சொல்லுங்கள். பிடிபட்ட பிறகு மெதுவாகக் கீபோர்டுக்குத் திரும்புங்கள். இப்போது பேங்க்ஸ் எங்கே சுற்றோடு போகிறார், எங்கே சுற்றைத் தாண்டி நீட்டுகிறார் என்பது தெரியும். இரண்டு டிரம்ஸும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போவதும் தெரியும்.

அடுத்து வரும் ‘டான்ஸ் ஆன் எ வால்கேனோ’ (எரிமலை மேல் நடனம்) பாடலிலும் ஏழு உண்டு. ஆனால் அது ஓடாது, குத்தும். ஒரே எண்ணிக்கை, நேர் எதிரான இரண்டு குணங்கள். இந்த இரண்டையும் ஒரே மாலையில் கேட்டுவிட்டால் ஏழு என்ற பயம் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. நம் சங்கீதத்தில் ஒரு கீர்த்தனைக்கு ஒரு தாளம் என்றால் கடைசி வரை அதுதான். இங்கே அப்படி இல்லை. பகுதி மாறினால் கணக்கும் மாறும், சில சமயம் ஒரே ஓர் அடி கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். எனவே பாடல் முழுவதும் தாளம் போட்டுக்கொண்டிருக்க முயன்றால் எரிச்சல்தான் மிஞ்சும். நிலையாக ஓடும் பகுதிகளில் மட்டும் எண்ணுங்கள். மற்ற இடங்களில் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடை என்றால் கற்பனை என்று எதிர்பார்க்காதீர்கள்

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ஏற்படும் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. மேடைப் பதிவு என்றதும் மனோதர்மத்தை எதிர்பார்ப்போம். ராகம் விரியும், ஸ்வரம் பறக்கும், நேற்றுப் பாடியது போல இன்று இருக்காது என்று காத்திருப்போம். ஜெனிசிஸ் அந்த வகையல்ல. அவர்கள் எழுதிவைத்ததை ஏறக்குறைய அப்படியே வாசிப்பவர்கள். ஸ்டூடியோவில் கேட்ட அதே தனி வாசிப்பு, மேடையிலும் பெரும்பாலும் அதே ஸ்வரங்களில்.

அப்படியென்றால் மேடையில் என்னதான் புதிது? இதற்கு ஒரு பயிற்சி. ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாடலின் 1973 ஸ்டூடியோ பதிவை ஒரு முறை கேளுங்கள். அது புகழ்பெற்ற பியானோ முன்னுரையோடு தொடங்கும். பிறகு செகண்ட்ஸ் அவுட்டில் கேளுங்கள். பியானோ முன்னுரையே இல்லை! நேராகப் பாட்டு. கோபுரத்தை விட்டுவிட்டு நேரே சந்நிதிக்குள் நுழைந்த மாதிரி எனக்கு முதலில் கோபம் வந்தது. சரி, தொடர்ந்து கேளுங்கள். நடுப்பகுதியைத் தாண்டியதும் ஹாக்கெட்டின் கிட்டார் வரும். ஒரே ஸ்வரத்தை நீட்டி, கார்வை கொடுத்து, அதை லேசாக நடுங்கவிட்டு அடுத்த ஸ்வரத்துக்கு இறங்குவார். வேகத்தைக் காட்டும் வாசிப்பு அல்ல, பொறுமையைக் காட்டும் வாசிப்பு. ஸ்வரங்கள் ஸ்டூடியோவில் கேட்டவைதான். அதன் அடியில் டிரம்ஸும் பெடலும் எழுப்பும் அலை மட்டும் வேறு. ஸ்டூடியோவில் அந்த கிட்டார் மிதக்கிறது, இங்கே அதைச் சுமந்து செல்கிறார்கள்.

இந்தப் பதிவில் கிட்டார் ஒலி அடங்கிப்போய்விட்டது, கீபோர்டுதான் தூக்கலாக இருக்கிறது என்று ரசிகர்கள் நெடுநாளாகக் குறை சொல்வதுண்டு. பதிவான ஒலிகளைக் கலந்துகொண்டிருந்த காலத்திலேயே ஹாக்கெட் குழுவை விட்டு விலகிவிட்டார் என்பதால் அந்தக் குறைக்குக் கொஞ்சம் காரமும் சேர்ந்துகொண்டது. சில பாடல்களில் எனக்கும் அது உண்மை என்றே படுகிறது. ஆனால் ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்தில் அந்த கிட்டாரை யாராலும் அடக்க முடியாது. 2009இல் புதிதாகக் கலந்து வெளியிட்ட பதிப்பும் இருக்கிறது. தொடக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைக் கேளுங்கள். பதிப்பு ஆராய்ச்சி ஒரு நோய், தாமதமாகப் பிடிப்பதே நல்லது.

தள்ளிப்போடக்கூடியவை

‘ராபரி, அஸால்ட் அண்ட் பேட்டரி’ எனக்கு ஒட்டவே இல்லை. நாடக பாணியில் ஒரு திருட்டுக் கதை. கீபோர்டு பகுதி நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ‘ஐ நோ வாட் ஐ லைக்’ நடுவில் நீண்டு போவதற்குக் காரணம், மேடையில் காலின்ஸ் கஞ்சிராவின் உறவினர் போலிருக்கும் டாம்பரினை உடம்பெல்லாம் தட்டிக்கொண்டு ஆடுவார். பார்க்க முடியாத ஆட்டத்துக்கு நாம் காதால் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முதல் வாரத்தில் இவை இரண்டையும் விட்டுவிடலாம். ‘கார்ப்பெட் க்ராலர்ஸ்’ அப்படி அல்ல. இருட்டில் கேட்கவேண்டிய மெல்லிய பாடல். காலின்ஸின் குரல் இந்த இசைத்தட்டில் மிக அழகாக இருப்பது அதில்தான்.

‘மியூசிக்கல் பாக்ஸ்’ மட்டும் தனி வழக்கு. இங்கே இருப்பது அதன் கடைசி மூன்று நிமிடம் மட்டுமே. சரணத்தை மட்டும் பாடிவிட்டு எழுந்தது போல. 1971இல் வந்த முழுப் பாடல் பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும். இறந்துபோன ஒரு சிறுவன் இசைப்பெட்டியிலிருந்து ஆவியாகத் திரும்பி, கண்ணெதிரே கிழவனாக முதிர்கிற கதை. அந்த முழுப் பதிவை ஒரு முறையாவது கேட்டுவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கடைசி அலறல் எதற்கு என்றே புரியாது.

‘சப்பர்ஸ் ரெடி’க்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள்

இருபத்து நாலரை நிமிடம். இசைத்தட்டாக வந்தபோது ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 1972இல் எழுதப்பட்ட இந்தப் பாடலுக்கு ஏழு பகுதிகள். வீட்டில் ஒரு காதல் ஜோடி அமர்ந்திருப்பதில் தொடங்கி, போர், பூத்துக் குலுங்கும் பைத்தியக்காரப் பண்ணை எனச் சுற்றி, பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் உலக முடிவு வரை போகிறது. கேப்ரியல் இருந்த காலத்தில் பண்ணைப் பகுதியில் தலையைச் சுற்றிப் பூவிதழ் அணிந்து வருவார். காலின்ஸ் வேடம் எதுவும் போடாமல் பாடினார். கேப்ரியலின் குரலில் இருந்த கிறுக்கு இதில் குறைவு என்பது நியாயமான குறை. ஆனால் புதியவருக்கு அந்தத் தெளிவே உதவுகிறது என்று நினைக்கிறேன்.

கேட்பதற்கு மூன்று குறிகள் போதும். முதல் குறி, தொடக்கத்தில் வரும் மென்மையான மெட்டு; அதை முணுமுணுக்கத் தெரிகிற அளவுக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, அதற்கடுத்து நிமிர்ந்து வரும் கம்பீரமான மெட்டு. மூன்றாவது, ஏறக்குறைய 16ஆம் நிமிடத்தை ஒட்டி, ஓர் அமைதிக்குப் பிறகு தொடங்கும் ஒன்பது. அந்தப் பகுதியின் பெயரிலேயே ஒன்பது இருக்கிறது. ஆனால் மும்மூன்றாகப் பிரிந்த ஒன்பது அல்ல. தகிட தக தகதிமி: மூன்று, இரண்டு, நான்கு. பாஸும் கிட்டாரும் டிரம்ஸும் இந்தக் கணக்கை விடாமல் அடித்துக்கொண்டிருக்க, மேலே பேங்க்ஸின் ஆர்கன் அதைச் சட்டையே செய்யாமல் தன் போக்கில் நான்கு நான்காகவும் வேறு விதமாகவும் ஓடும். கீழே ஒரு கணக்கு, மேலே இன்னொரு கணக்கு. எப்போது சேரும் என்று காத்திருப்பதுதான் இங்கே சுவை. கையை விடாதீர்கள், ஒன்பதையே போட்டுக்கொண்டிருங்கள். ஆர்கன் பின்னால் போனால் தொலைந்தீர்கள்.

அந்தப் புயல் உடைந்ததும் முதல் மெட்டு திரும்பி வரும். அதன் பின் இரண்டாவது மெட்டு, இம்முறை பலமடங்கு பெரிதாக. பாடலின் சொற்கள் ஒன்றுகூடப் புரியாமல் கேட்ட ஒரு நண்பர் இந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் திரும்ப மாட்டிக்கொண்டார்.

இப்போது முழுவதும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் தட்டு, காபிக்கு இடைவெளி, பிறகு இரண்டாம் தட்டு. சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதென்றால் அதற்கும் இதுவே சமயம். அந்த நாலரை நிமிட ஆஃப்டர்க்ளோ, இப்போது மூன்று பாடல்களுக்குப் பிறகு வந்து சேரும்போது வேறு பாடலாகக் கேட்கும்.

கடைசிப் பக்கத்தில் டான்ஸ் ஆன் எ வால்கேனோ முடிந்து ‘லாஸ் எண்டோஸ்’ பிடிப்பதற்கு நடுவே கிட்டார், கீபோர்டு எல்லாம் விலகிவிடும். காலின்ஸும் தாம்ப்சனும் மட்டும். தனி ஆவர்த்தனம் என்று நினைத்துக்கொண்டு கேட்கலாம், ஒரு வித்தியாசத்தோடு: மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் கேள்வி பதிலாக வாசிப்பது இங்கே குறைவு. இருவரும் ஒரே அடியைச் சேர்ந்தே அடிக்கிறார்கள், நான்கு கை ஒரே ஆளுக்கு முளைத்தது போல. அதிலிருந்து நேராக லாஸ் எண்டோஸின் வேகத்துக்குள் போய் விழுவார்கள். வேகம் கூடிக்கொண்டே போகும், எரிமலைப் பாடலின் துணுக்குகள் தெறிக்கும்.

பிறகு, முடிவை நெருங்கும்போது, எல்லாம் அகன்று நிதானப்பட்டு ஒரு மெட்டு எழும். முதல் இரண்டு விநாடி அடையாளம் தெரியாது. அதே யானை நடை. சாக்குக்குள் அழுது கரைந்துபோன அந்த ஸ்குவாங்க்.